ஏழு லிட்டரில் இரண்டு

பத்ரிநாத்தின் தம்பி துளசிராம் சரக்குக் கப்பலில் இன்ஜினீயர். 1983 மே மாத லீவுக்கு மதுரை வந்தவன், தண்ணீருக்கடியில் மூச்சு விடுவதற்கான காற்று சிலிண்டர் ஒன்றையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். சிங்கப்பூரில் லீவு நாள்களில் அவனுக்கு அதுதான் பொழுதுபோக்கு.

கோச்சடைக்கு மேற்கே விருமாண்டியின் தோட்டத்தில் நாற்பதடிக் கிணறு ஒன்று இருந்தது. விருமாண்டியின் மகள், பத்ரிநாத்தின் மனைவி ரங்கநாயகியிடம் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படித்தாள். அந்தப் பழக்கத்தில் கேட்டதும் விருமாண்டி சரியென்றார். அண்ணன், தம்பி, அண்ணன் மனைவி ரங்கநாயகி என்று மூன்று பேரும் மாற்றி மாற்றி சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். பத்ரிநாத் கால்மணி நேரத்தில் காற்று தீர்ந்து மேலே வந்தான். மறுபடி காற்று நிரப்பிக்கொண்டு வந்த பிறகு, தம்பி சொல்லிக்கொடுத்தபடி ரங்கநாயகி இறங்கி, அதே கால்மணி நேரம் இருந்துவிட்டு ஏறியபோது மீட்டரில் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது.

"அண்ணே, நீ ஒரு தடவ குடிக்கிற காத்துல அண்ணி ரெண்டு தடவ போயிட்டு வந்துருவாங்க" என்று துளசிராம் சிரித்தான்.

பத்ரிநாத்தும் சிரித்தான். ஆனால் துண்டை எடுத்துத் தலையை வெகுநேரம் துவட்டிக்கொண்டே இருந்தான்.

போகும்போது, அடுத்த லீவுக்கு வீட்டுக்கென்றே ஒரு செட் கொண்டுவருவதாகத் துளசிராம் சொல்லிவிட்டுப் போனான். மண்டபத்துப் பக்கம் கடலில் இறங்கலாம், முப்பதடிக்குள்ளேயே பவளப்பாறை கிடைக்கும் என்றான். நான்கு மாதம் கழித்து அவனிடமிருந்து நீளமான கடிதம் வந்தது. ஒற்றைப் பெரிய சிலிண்டர் இருக்கிறது. இரண்டு சிறிய சிலிண்டர்களை ஒரு குழாயால் இணைத்து ஒரே வால்வு வைத்தது இருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனி வால்வு, மூச்சுக்குத் தக்கபடி காற்றை விடும் ரெகுலேட்டரும் தனித்தனி, நடுவில் இன்னொரு அடைப்பு என்று ஏகப்பட்ட சாமான் வைத்தது இருக்கிறது. எது வேண்டும், யோசித்து எழுதுங்கள் என்று கேட்டிருந்தான்.

கடிதம் அண்ணன் பெயருக்குத்தான் வந்தது. பத்ரிநாத் அதைப் படித்துவிட்டு, "எனக்குக் கடையில தலைக்கு மேல வேல. நீதான் பௌதிக டீச்சராச்சே, பாரு" என்று அவளிடம் நீட்டினான். அவனுக்குச் சாயக்கடை. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது.

ரங்கநாயகி பார்த்தாள். மூன்று வாரம் பார்த்தாள். அவள் ஐந்தடிக்கும் ஒரு அங்குலம் குறைவு. கிணற்றில் அந்த ஒற்றைச் சிலிண்டரின் அடிப்பாகம் இடுப்புக்குக் கீழே இடித்துக்கொண்டே இருந்ததும், கொஞ்சம் திரும்பினால் ஆளையே ஒரு பக்கமாகச் சாய்த்ததும் அவளுக்கு மறக்கவில்லை. துளசிராம் எழுதிய அளவுகளை வைத்து, பழைய அட்டைப்பெட்டிகளை வெட்டி உருட்டி ஒட்டினாள். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. முதுகில் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று, கையைப் பின்னால் வளைத்து வால்வு இருக்கும் இடம் எட்டுகிறதா என்று பார்த்தாள்.

"என்ன, ராக்கெட் விடப் போறியா?" என்றான் பத்ரிநாத்.

"கை எட்டணும்ங்க. உள்ள போனப்புறம் வால்வு சரியாத் தெறக்கலன்னா நாமளே தொட்டுத் திருப்பணும். குட்டை சிலிண்டர்னா எனக்கும் எட்டுது, உங்களுக்கும் எட்டும்."

கடைசியில் நான்கு பக்கத்துக்குப் பதில் எழுதினாள். ஏழு லிட்டர் இரும்பு சிலிண்டர் இரண்டு, ஒரே வால்வு, ஒரே ரெகுலேட்டர். அதிலேயே கூடுதலாக ஒரு வாய்க்குழாய், ஒரு மீட்டர். அவ்வளவுதான். இரும்பென்றால், ஆள் மிதக்காமல் இறங்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈயக்கட்டி குறையும். இரண்டு ரெகுலேட்டர் உள்ளது ஆழத்துக்குப் போகிறவர்களுக்கு. நாம் முப்பதடியில் மீன் பார்க்கப் போகிறோம். மூட்டு அதிகமானால் ரப்பர் வளையமும் அதிகம், கசிவும் அதிகம். மதுரையில் அதைப் பழுதுபார்க்க ஆள் கிடையாது. இப்படி ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதி, கார்பன் வைத்து ஒரு நகலும் எடுத்து வைத்துக்கொண்டாள்.

மறு வருஷம் மே மாதம் அவள் கேட்டது அச்சாக அப்படியே வந்து சேர்ந்தது. தூத்துக்குடியில் கப்பல் அடிப்பாகம் பார்க்க முங்குகிறவர்களிடம் கம்ப்ரெசர் இருந்தது. அங்கே காற்று நிரப்பிக்கொண்டு மறுபடியும் விருமாண்டி கிணற்றுக்குப் போனார்கள்.

"மொதல்ல அண்ணிதான்" என்று துளசிராம் அவள் அளவுக்குப் பட்டைகளை இழுத்துக் கட்டினான். விருமாண்டியின் மனைவி இருளாயி கிணற்று மேட்டில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏ டீச்சரம்மா, நல்லபடியா மேல வந்துருவீகளா?"

"வாரேன் இருளாயி, பயப்படாத."

இரண்டு சிலிண்டரும் முதுகோடு ஒட்டி உட்கார்ந்திருந்தன. எதுவும் இடிக்கவில்லை, எந்தப் பக்கமும் சாய்க்கவில்லை. அடியில் பாறைப் பொந்துக்குள் ஒரு விரால் குஞ்சுகளோடு நின்றது. மூச்சு விடுகிற சத்தத்தைத் தவிர உலகத்தில் வேறு சத்தமே இல்லை. முப்பத்தைந்து வயதில் தனக்கென்று யோசித்து, தனக்கென்று கேட்டு வாங்கிய பொருள் இது ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றியது. மேலே வந்து முகமூடியைக் கழற்றியபோது அவள் முகத்தைப் பார்த்து இருளாயியே சிரித்துவிட்டாள்.

துளசிராம் கப்பலுக்குத் திரும்பிய மறுவாரம் பத்ரிநாத் மண்டபத்துக்கு நாள் குறித்தான். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் நாலு நாள் இருந்தது. ரங்கநாயகி மாற்றுத்துணி எடுத்து வைத்தாள்.

"நீ எதுக்கு? ராஜாராம் வாரான்" என்றான் பத்ரிநாத். ராஜாராம் அவனுடைய கூட்டாளி, வக்கீல். நல்ல உயரம். "படகுக்காரங்க பொம்பளைய ஏத்த மாட்டாங்களாம். இருக்கறது ஒரு செட்டு. நாங்க போயி எடம் பாத்துட்டு வாரோம், அடுத்த தடவ நீ வா."

"படகுக்காரங்ககிட்ட கேட்டீங்களா?"

"கேக்காமயா சொல்றேன்?"

அவன் கேட்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் எடுத்து வைத்த துணியைத் திரும்ப பீரோவில் வைத்தாள்.

ஜூன், ஜூலை, செப்டம்பர் என்று மூன்று தடவை போனார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருந்தது. ராஜாராமின் உயரத்துக்காகப் பட்டைகளை முழுக்கத் தளர்த்தி, சிலிண்டரையும் கீழே இறக்கி முடுக்கியிருந்தார்கள்.

அக்டோபரில் வியாபாரிகள் சங்கத்தின் குடும்ப விழா ஓட்டல் மாடியில் நடந்தது. பத்ரிநாத் கடலடி அனுபவம் பற்றிப் பேசினான். சிலிண்டர்களை மேஜை மேல் வைத்து, ஏன் குட்டையாக இரண்டு, ஏன் இரும்பு, ஏன் ஒரே வால்வு என்று விளக்கினான். அவன் கையில் இருந்தது அவளுடைய கார்பன் நகல். 'மீன் பார்க்கப் போகிறோம்' என்ற இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். பின்வரிசையில் பெண்களோடு உட்கார்ந்திருந்த ரங்கநாயகிக்குக் காது சூடாகிக்கொண்டு வந்தது.

"ரெண்டு சிலிண்டர் இருக்குல்ல? ஒரு ரெகுலேட்டர் மக்கர் பண்ணா இன்னொண்ணு வேணாமா?" என்று ஒருவர் கேட்டார்.

பத்ரிநாத் தாளைப் புரட்டினான். பிறகு அவள் இருந்த பக்கம் பார்த்தான். அவளுக்குப் பதில் தெரியும்: கூடுதல் வாய்க்குழாய் இருக்கிறது, அதுவும் போனால் மூச்சை அடக்காமல் மெதுவாக மேலே வந்துவிட வேண்டும், முப்பதடியில் அது போதும். அவள் தட்டிலிருந்த ஜாங்கிரியைப் பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் பழக்கத்துல வந்துரும்" என்று அவன் சமாளித்தான். "உங்க வீட்டம்மாவும் எறங்குவாங்களா?" என்று இன்னொருவர் கேட்டபோது, "அவளுக்குத் தண்ணின்னாலே பயம்ங்க" என்றான். கைதட்டல் விழுந்தது.

மறுநாள் மத்தியானம் சிலிண்டர்களை மாடி அறைக்கு ஏற்றும்போது உள்ளே ஏதோ தளும்பியது. ரங்கநாயகி நின்றாள். மெல்லச் சாய்த்துக் காதை வைத்துப் பார்த்தாள். தண்ணீர்தான். கடைசி முறை காற்றை ஒட்ட உறிஞ்சித் தீர்த்துவிட்டு, வால்வை மூடாமல் படகின் அடியில் போட்டிருக்கிறார்கள். கடல் தண்ணீர். இன்றைக்கே வால்வைக் கழற்றி, நல்ல தண்ணீரால் அலசிக் காயவைத்தால் பிழைத்துவிடும். இன்னும் ஒரு மாதம் போனால் இரும்பை உள்ளேயிருந்து துரு தின்றுவிடும். கீழே பத்ரிநாத் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

அவள் இரண்டையும் சுவரோரம் சாத்திவைத்து, பழைய ஜமுக்காளத்தைப் போட்டு மூடிவிட்டு இறங்கி வந்தாள்.

பிப்ரவரியில் காற்று நிரப்பப் போன பத்ரிநாத் காலி சிலிண்டர்களோடு திரும்பினான். சிலிண்டருக்குள் விளக்கு விட்டுப் பார்த்த கம்ப்ரெசர்க்காரர், இதில் காற்று அடைத்தால் வெடித்து ஆளைக் கொன்றுவிடும் என்று சொல்லி, யாரும் தெரியாமல் நிரப்பிவிடக் கூடாதென்று கழுத்தருகே ஓட்டை போட்டே கொடுத்திருந்தார்.

"உள்ள தண்ணி கெடந்துச்சாம். தூக்கும்போது உனக்குக்கூடத் தெரியலையா?"

"தெரிஞ்சுது."

"எப்ப?"

"விழாவுக்கு மறுநாள்."

அவன் அவளையே பார்த்தான். அடிக்கப் போகிறானோ என்றுகூட நினைத்தாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டான். பழிதீர்த்த சந்தோஷம் கொஞ்சமாவது வரும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். வரவில்லை. முதுகில் இடிக்காமல் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு சிலிண்டரும் அவளுடையவை. அவற்றில் பிடித்த துருவும் அவளுடையதுதான்.

அன்று சாயங்காலமே துளசிராமுக்கு எழுதினாள். மண்டபத்துக்குத் தான் ஒரு தடவைகூடப் போகாதது, மேடையில் படிக்கப்பட்ட கார்பன் நகல், ஜமுக்காளம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதினாள். தான் செய்தது தப்பு என்றும் எழுதினாள். திரும்பவும் ஒரு செட் கிடைக்குமானால் தன் பெயருக்கே வாங்கி வரும்படி கடைசியில் கேட்டிருந்தாள்.

பதில் அண்ணன் பெயருக்கு வந்தது. எல்லோர் சௌக்கியமும் விசாரித்திருந்தான். மற்றபடி ஒன்றும் இல்லை.

அடுத்த மே மாதம் துளசிராம் வந்தான். அண்ணனுக்கு ஒரு கைக்கடிகாரம். அண்ணியைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்க்காமல், கண்ணாடித்தாள் சுற்றிய ஜப்பான் நைலக்ஸ் சேலை ஒன்றைக் கொடுத்தான்.

"கலர் புடிச்சிருக்கா அண்ணி?"

"நல்லாருக்கு" என்று ரங்கநாயகி வாங்கிக்கொண்டாள்.