அடையாளக் குறி

ஆவணக் காப்பகத்தில் நாலு மணி என்றால் நாலு மணிதான். கடிகாரம் மூன்றரையைத் தாண்டியதும் ஊழியர் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார். கிளம்பச் சொல்லி வாயால் சொல்வதற்குப் பதிலாக அது.

பழைய ஏடுகளைப் புரட்டிக்கொண்டிருந்த நர்ஸ் கையை வேகப்படுத்தினாள். மறுநாள் காலை அவளுடைய அப்பாவுக்கு இதயத்தில் ஆபரேஷன். வயது எழுபத்தெட்டு. பிழைப்பாரா என்று கேட்டால் டாக்டர் பிடிகொடுத்துப் பேசவில்லை. ஆஸ்பத்திரிப் படிவத்தில் தந்தை பெயர் எழுதும் இடத்தை அப்பா வழக்கம்போலக் காலியாக விட்டிருந்தார். "கர்ப்பமா இருந்த பொண்டாட்டிய விட்டுட்டுக் கப்பலேறினவன் பேரை நான் எழுத மாட்டேன்," என்றவர், சற்றுப் பொறுத்து, "ஏன் போனான்னு மட்டும் தெரிஞ்சா நிம்மதியாப் படுத்துப்பேன்," என்றார். அதற்காகத்தான் இந்த ஓட்டம்.

தோட்டக் கூலிகளை ஏற்றிப்போன கப்பல் பட்டியலில் தாத்தாவின் பெயர் பத்து நிமிடத்தில் அகப்பட்டது. முன்பு சொந்தக்காரர்கள் இரண்டு பேர் வந்து பார்த்ததும் இந்தப் பக்கத்தைத்தான். பெயரைக் கண்டதும், ஓடிப்போனது உண்மைதான் என்று திரும்பிவிட்டார்கள், அவசரக்குடுக்கைகள்.

நர்சுக்கு அது போதாது. வெறும் பெயரை நம்பி அவள் ஒருநாளும் யாருக்கும் ரத்தம் ஏற்றியதில்லை. இரண்டு தாளை ஒப்பிட்டுப் பார்த்தாக வேண்டும். ஆள் சேர்த்தபோது எழுதிய ஒப்பந்தப் படிவத்தைக் கேட்டாள். ஊழியர் முணுமுணுத்துக்கொண்டே எடுத்து வந்தார். மணி மூன்று ஐம்பது.

அதே பெயர், அதே எண். மனைவி உடன் வந்தாள், ஐந்து மாதக் கர்ப்பிணி என்று எழுதி, பக்கத்தில் அவள் கைரேகை. அடையாளக் குறி: இடது காது மடல் நாய் கடித்துக் கிழிந்தது.

கப்பல் பட்டியலில் அதே இடத்தில், குறி ஏதுமில்லை.

அந்தக் காதை அவளுக்குத் தெரியும். அவளைத் தோளில் தூக்கிச் சுமந்த சின்னத்தாத்தாவின் காது. சிறுபிள்ளையில் அதைப் பிடித்து இழுத்து விளையாடியிருக்கிறாள். அப்பாவை வளர்த்து ஆளாக்கிய சித்தப்பா அவர்.

அப்படியென்றால் மனைவியோடு வந்து ஒப்பந்தம் செய்த அண்ணன்தான் அந்தச் சின்னத்தாத்தா. அவர் கர்ப்பிணி மனைவியைப் பிரியாமலிருக்க, அவர் பெயரில் கப்பலேறியது கல்யாணமாகாத தம்பி. ஆள் மாறிய குட்டு வெளிப்பட்டால் இருவருக்கும் ஜெயில். அண்ணன் தம்பியின் பெயரைச் சூட்டிக்கொண்டு, தெரிந்தவர் இல்லாத ஊருக்குக் குடும்பத்தைக் கூட்டிப்போனார். பெற்ற மகன் சித்தப்பா என்று கூப்பிட, கடைசி வரை வாயைத் திறக்காமலே செத்தும் போனார். பாவி மனிதர், அந்தப் பயம் அவரை விடவேயில்லை.

செல்போன் அதிர்ந்தது. அப்பா. வாசலுக்கு வந்தாள். பலவீனமான இதயம், இதைத் தாங்குமா என்று பயமாக இருந்தது. சொல்லாமல் விட்டு, நாளை அவர் எழுந்திருக்காவிட்டால்?

"கிடைச்சுதாம்மா?"

"கிடைச்சுதுப்பா."

"ஏன் போனானாம்?"

"அவர் போகவே இல்லப்பா. உங்ககூடத்தான் இருந்தார்."

காதைப் பற்றிச் சொன்னாள். தம்பி போனதைச் சொன்னாள். நர்சாயிற்றே, அவர் மூச்சை எண்ணிக்கொண்டே நின்றாள்.

"ஒரு தடவை கோபத்துல கேட்டேன்," என்றார் அப்பா. "நீ என்ன, என்னைப் பெத்தவனான்னு. அவர் தலையக் குனிஞ்சுக்கிட்டுச் சாப்பிட்டார்."

"அப்பா, உட்காருங்க."

"உட்கார்ந்துதான் இருக்கேன். அந்த ஆஸ்பத்திரிப் படிவத்தைக் கொண்டு வாம்மா. எங்கப்பா பேரை நான் எழுதணும்."