குல்சுமின் எடைக்கு ஒரு காத்தாடி

1957 மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பூனாவில் பண்ட் கார்டன் அணைக்கட்டுக்கு மேற்புறம் ஆற்றில், தொண்ணூற்றிரண்டு பவுண்டு எடையுள்ள குல்சும் ஒரு மோட்டார் படகில் ஏறி உட்கார்ந்ததும், படகு ஏழு பேர் ஏறியதுபோல் தாழ்ந்தது. கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி துவைத்தார்கள். அன்று மார்க்கெட்டில் வெங்காயம் சேர் இரண்டணா.

படகு அவள் கணவன் யூசுஃபுடையது. கேம்ப் செண்டர் ஸ்ட்ரீட்டில் குடைக்கடை வைத்திருந்த யூசுஃப் கீழக்கரைக்காரன். பாட்டனாருக்கு மூன்று தோணிகள் இருந்தன என்பதை மழைக்கோட்டு வாங்க வருகிறவர்களிடம்கூடச் சொல்லாமல் விடமாட்டான். ஊருக்குத் திரும்பிப் போன ஓர் ஆங்கிலேயர் விட்டுச்சென்ற பதினான்கடிப் படகையும், அதன் பின்பலகையில் மாட்டும் பத்துக் குதிரைசக்தி மோட்டாரையும் அவன் வாங்கியது அந்தத் தோணிகளின் பேரால்தான். ஆனால் தோணிகள் பாய்மரத்தில் ஓடியவை. தண்ணீருக்குள் சுழலும் புரொப்பெல்லரைப் பற்றி அந்தப் பரம்பரை ஒரு வார்த்தையும் சொல்லி வைக்கவில்லை. அது தெரியாததால் யூசுஃப் அதைக் குடை பொறுக்குவதுபோலப் பொறுக்கினான். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, சுற்றிப் பார்த்து, பித்தளையில் பளபளவென்று இருந்ததும் முதுகில் பெரிய எண் வெட்டியிருந்ததுமான ஒன்றை, பம்பாயிலிருந்து பட்டுத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தான். அதில் பன்னிரண்டு என்று வெட்டியிருந்தது. பெரிய எண் நல்ல எண் என்பது வியாபாரியின் நம்பிக்கை.

அந்தப் பன்னிரண்டைப் போட்டு யூசுஃப் தனியாகப் போனபோது படகு கொஞ்சம் முனகினாலும் ஓடியது. குல்சும் முன்பலகையில் உட்கார்ந்ததும் மோட்டார் இருமியது, புகைத்தது, தண்ணீரைக் குழம்பாகக் கலக்கியது, நின்றுவிட்டது. யூசுஃப் மோட்டாரைச் சந்தேகித்தான், பெட்ரோலைச் சந்தேகித்தான், கடைசியில் மனைவியைச் சந்தேகித்து அவளைப் பூனா ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய் எடை இயந்திரத்தில் ஏற்றினான். ஓரணா போட்டதும் அட்டை விழுந்தது. தொண்ணூற்றிரண்டு பவுண்டு. பின்பக்கம், உங்கள் சொல்லுக்கு மதிப்புக் கூடும் காலம் நெருங்குகிறது என்று அச்சடித்திருந்தது. யூசுஃப் எடையை மட்டும் படித்தான். அட்டையைக் குல்சும் வைத்துக்கொண்டாள்.

கசார்வாடியில் பம்பாய் ரோட்டோரம் லேத் பட்டறை வைத்திருந்த தூத்துக்குடி சேவியரிடம் போகச் சொன்னது ஒரு லாரிக்காரர். சேவியர் புரொப்பெல்லரைப் பட்டறைப் பழக்கத்தில் பங்கா என்பார். குல்சும் காத்தாடி என்பாள். வெட்டியிருக்கும் எண், ஒரு சுற்றுக்குப் படகு எத்தனை அங்குலம் முன்னே போக வேண்டும் என்பதற்கான கணக்கு என்றும், மரத்தில் ஸ்க்ரூ ஏறுவதைப் போலத்தான் என்றும் அவர் விளக்கினார். "கண்டாலா காட் மலை ஏறும்போது லாரிக்காரன் டாப் கியர்லயா போறான், பாய்? பாரம் ஏற ஏற எண்ணு இறங்கணும். மோட்டார் முனகுனா எண்ணு பெருசு. வீல்னு கத்துனா எண்ணு சிறுசு. அதுக்கு வாய் இருக்கு, நீங்கதான் கேக்க மாட்டேங்கிறீங்க." யூசுஃப் தோணிகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த குல்சும் அதற்குள் எல்லாவற்றையும் புரிந்துகொண்டாள். அன்றிலிருந்து மோட்டாரின் குரலை, பக்கத்து அறையில் யாரோ பேசுவதைக் கேட்பதுபோல, அவள் கேட்டு வந்தாள்.

சேவியர் ஒன்பதாம் எண் கொடுத்தார். அதைப் போட்டதும் படகு மூன்று வாரம் நன்றாக ஓடியது. நான்காம் ஞாயிறு மறுபடி முனகியது, எட்டுக்கு இறங்கினார்கள். எட்டாம் எண் ஆறு மாதம் தாங்கியது. 1958இல் ஏழு. நாடு பவுண்டிலிருந்து கிலோவுக்கு மாறியது, ஸ்டேஷன் அட்டை நாற்பத்தொன்றே முக்கால் கிலோ என்றது, படகில் மட்டும் குல்சும் ஒரு மாட்டுவண்டிப் பாரம் இருந்தாள். யூசுஃப் அதைக் குறையாக எண்ணவில்லை. கல்யாணமான முதல் வாரத்தில், ஒரு நாள் உன்னை என் படகில் வைத்து ஓட்டுவேன் என்று அவளிடம் சொல்லியிருந்தான். அவளை ஏற்றாமல் ஓட்டுவது அவனுக்குப் படகோட்டலாகவே படவில்லை. அதனால் இரண்டு பெண் பிள்ளைகளும் மதரஸாவுக்குப் போயிருக்கும் ஒவ்வொரு ஞாயிறும் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு குல்சும் முன்பலகையில் உட்கார்ந்தாள். பார்த்துக் கதை கட்ட அந்த ஊரில் உறவுக்காரர் யாரும் இல்லை.

அவளுக்குப் படகு பிடித்திருந்தது. யாரும் அதை அவளிடம் கேட்டதில்லை. யூசுஃப் கேட்பதெல்லாம் "சரிதானே, புள்ள?" என்றுதான் முடியும். அவள் "சரி மச்சான்" என்பாள். அந்தச் சொல் பதினொரு வருஷமாக அவள் வாயிலிருந்து யோசிக்காமல் வந்தது, கதவைத் தட்டினால் நாய் குரைப்பதைப் போல. சமையலறையில் பாதியைக் குடைத்துணி கோடவுனாக ஆக்கியபோது சரி என்றாள். யூசுஃபின் தங்கை குடும்பம் பதினொரு பேர் கோடை முழுக்கத் தங்க வருவதாகக் கடிதம் வந்தபோது சரி என்றாள். பம்பாய் மீனில் ஐஸ் வாடை அடிக்கிறது, இனி வீட்டில் கறி மட்டும் போதும் என்று யூசுஃப் சொன்னபோது, மீன் இல்லாத சோறு அவளுக்குத் தொண்டையில் இறங்காது என்றாலும், சரி என்றாள். ஒவ்வொரு முறையும் விலா எலும்புக்குக் கீழே ஏதோ ஒன்று மடங்கி உட்காருவதை அவள் உணர்ந்தாள். வலி இல்லை. கடையில் மடக்கி வைத்த குடைபோல அது பாட்டுக்கு இருந்தது. ஒற்றைக் குடைக்கு எடையே கிடையாது. பன்னிரண்டு டஜன் கட்டுக்கு சுமை தூக்க இரண்டு ஹமால்கள் வேண்டும்.

அவளுக்கு உண்மை தெரிந்தது 1959 நவம்பரில். சிவாஜி மார்க்கெட்டில் ஒருத்தி இரண்டு நாள் பழைய மீனைத் தலையில் கட்டப் பார்த்தாள். வீட்டுக்குத் தெரியாமல் கால் கிலோ வாங்கிச் சமைத்துத் தனியாகச் சாப்பிடலாம் என்று போயிருந்த குல்சும், "நக்கோ!" என்று ஒரு போடு போட்டாள். மராட்டியில் வேண்டாம் என்பது அவளுக்குக் கொய்யாப்பழம் கடிப்பதுபோலச் சுலபமாக வந்தது. மீன்காரி, பஸ் கண்டக்டர், பால்காரன் எல்லாரும் அவளுடைய நக்கோவைக் கேட்டவர்கள்தான். ஆனால் அன்று மட்டும் அவள் நிற்காமல், முந்தின வாரம் கொடுத்த மீனையும் சேர்த்து, மனதில் இருந்தது தீரும்வரை பேசினாள். அந்த ஞாயிறு படகில் ஏறியபோது பக்கப்பலகை தண்ணீரிலிருந்து வழக்கத்தைவிட அரை விரற்கடை உயர்ந்து நின்றதை அவள் மட்டும் பார்த்தாள். தமிழில் சொல்லாத வேண்டாம்கள் மொத்தமும் படகில்தான் உட்கார்ந்திருக்கின்றன என்று அப்போது அவளுக்குப் புரிந்தது. புரிந்ததையும் அவள் சொல்லவில்லை. படகு அந்த அரை விரற்கடை திரும்ப இறங்கியது.

1960 ஏப்ரலில் சேவியர் ஐந்தாம் எண்ணைக் கொடுத்தார். யூசுஃப் வாசலில் பெட்ரோல் டின்னைக் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், கையைக் கழிவுத்துணியில் துடைத்தபடி குல்சுமிடம் தாழ்ந்த குரலில் பேசினார். "தங்கச்சி, எடைக்குத் தக்க பங்கா குடுக்கிறது என் வேலை. எடை எங்கருந்து வருதுன்னு கேக்கிறது என் வேலை இல்ல. ஆனா அஞ்சுக்குக் கீழ பங்கா கிடையாது. அதுக்கு மேல நீங்கதான் பாத்துக்கணும்."

குல்சும் சரி என்றாள்.

மே மாதக் கடைசியில் ஐந்தும் முனகியது. ராணுவக் கணக்கு ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்று சாங்வியில் தோட்டம் போட்டிருந்த கிருஷ்ணஸ்வாமி, மூன்று வருஷமாகக் கரையில் நின்று டேப்பால் படகின் தாழ்வை அளந்து வந்தவர், படகைத் தாமே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மோட்டார் அவருக்கு வேண்டாம். படகில் மண் கொட்டிக் கத்தரி போடப்போவதாகச் சொன்னார். "பதினாலு அடி, ஜலம் வடியக் கீழே ரெண்டு ஓட்டை போட்டாப் போறும். நன்னாக் காய்க்கும் பாய். ஓடறதுக்கு இது லாயக்கில்லை, ஃபிசிக்ஸே இதைக் கைவிட்டுடுத்து." இரண்டு நாள் யோசித்து யூசுஃப் தலையாட்டினான். ஜூன் ஐந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கடைசியாக ஒரு சுற்று, திங்கட்கிழமை காலை மாட்டுவண்டி வரும் என்று பேச்சு.

அந்த ஞாயிறு சேவியர் பங்காக்கள் வைத்த சாமான் பெட்டியோடு வந்திருந்தார், கிருஷ்ணஸ்வாமி டேப்போடு வந்திருந்தார். குல்சும் உட்கார்ந்ததும் பக்கப்பலகைக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு விரற்கடை மிஞ்சியது. நடு ஆற்றில் மோட்டார், பிரசவ வலி வந்த எருமைபோல முக்கி நகர்ந்தது. யூசுஃப் அதை நிறுத்தினான். எதிரே பார்க்காமல், தண்ணீரைப் பார்த்துப் பேசினான். "இதோட போதும் புள்ள. பாட்டனாரு கப்பல்லாம் கடல்ல போச்சு, என் கப்பல்ல கத்தரிக்காய் காய்க்கட்டும். குடுத்துடுறேன். சரிதானே?"

அவள் நாக்கு வழக்கம்போல மேலண்ணத்தைத் தொட எழுந்தது. இந்த ஒரு சரிக்கு இரண்டு விரற்கடை போதாது என்று அவளுக்குத் தெரிந்தது. சொன்னால் மூழ்குவோம், துப்பட்டி நனையும், நீச்சல் தெரியாது. ஆனால் அவள் பயந்தது அதற்கில்லை. நாளை காலை சாங்விக்குப் போகும் மாட்டுவண்டியில், மண்ணை நிரப்பிக்கொள்ளத் தயாராக, ஒரு வார்த்தை பேசாமல் போகும் படகை நினைத்தாள். அது யாரைப் போல இருந்தது என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

"நக்கோ" என்றாள்.

யூசுஃப் திரும்பினான். "என்ன?"

"வேணாம் மச்சான். குடுக்க வேணாம்."

படகு ஒரு விரற்கடை எழும்பியது. கரையில் கிருஷ்ணஸ்வாமி டேப்பைக் கீழே போட்டார். ஒன்று வெளியே வந்ததும் மற்றவை வரிசையில் நிற்கவில்லை. என் அடுப்படியில குடைத்துணி வேணாம், குழம்புல சாய வாடை அடிக்குது என்றாள், ஒரு விரற்கடை. உங்க தங்கச்சி வரட்டும், பத்து நாள் இருக்கட்டும், மூணு மாசம் வேணாம் என்றாள், இரண்டு. ஐஸ் மீனோ பச்ச மீனோ வாரத்தில ரெண்டு நாள் எனக்கு மீன் வேணும் என்றபோது படகின் அடிவயிற்றுப் பச்சைப் பாசி வெளியே தெரிந்தது. யூசுஃப் செய்வதறியாதவனாக மோட்டாரின் கயிற்றை இழுத்தான். ஐந்தாம் எண்ணோடு மோட்டார் வீலென்று கத்தியது. ஆற்றோரக் கொக்குகள் அத்தனையும் பறந்தன.

"கேக்குதா? காத்தாடி சிறுசாப் போச்சு" என்று குல்சும் அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தினாள். "பத்து போடணும். பன்னெண்டு போட்டீங்கன்னா மறுபடி முனகும். மூணு வருஷமாக் கேட்டுக்கிட்டு இருக்கேன், எனக்குத் தெரியும். நீங்க முன்னாடி வந்து உக்காருங்க. நான் ஓட்டுறேன்."

அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகள்தான் எல்லாவற்றிலும் கனமானவை. அவை போனதும் படகு தண்ணீரை விட்டு முழுதாக எழும்பி, ஒரு முழ உயரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. மோட்டார் காற்றில் சுற்றியது. சேவியர் கரையிலிருந்து, பங்காவோட பின்னு தெறிச்சிரும், ஆஃப் பண்ணுங்க என்று கத்தியதால் யூசுஃப் அதை அணைத்தான். படகு மெதுவாக, வாத்து உட்காருவதுபோலத் தண்ணீரில் உட்கார்ந்தது. துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்தார்கள். சேவியர் கேள்வி கேட்காமல் ஐந்தைக் கழற்றிப் பத்தை மாட்டி, பின்னை அடித்து இறுக்கினார்.

யூசுஃப் கரையில் நின்று மனைவியைப் பார்த்தான், மோட்டாரின் கைப்பிடியைப் பார்த்தான், வேடிக்கை பார்க்கும் துணி துவைக்கும் பெண்களைப் பார்த்தான். பாட்டனாரின் மூன்று தோணிகளும் அவன் மனதில் ஒருமுறை போய்த் திரும்பியிருக்க வேண்டும். பிறகு, கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக, "சரி" என்றான். ஏறிப்போய் முன்பலகையில் உட்கார்ந்தான்.

படகின் மூக்கு நான்கு விரற்கடை தாழ்ந்தது.

"என்ன மச்சான்?" என்று குல்சும் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா ஏன் முங்குது?"

சேவியர் பெருமூச்சு விட்டுப் பத்தைக் கழற்றி ஏழாம் எண்ணை மாட்டினார். அன்று அவர்கள் சங்கம் பாலம்வரை போய் வந்தார்கள். குல்சும் திருப்பங்களில் கொஞ்சம் அகலமாகப் போனாள், மற்றபடி தவறில்லை. திரும்பும் வழியில் யூசுஃப் என்ன சொன்னான் என்பது தெரியவில்லை, மோட்டார் சத்தத்தில் கரைக்குக் கேட்கவில்லை. வரும்போது மூக்கு இரண்டு விரற்கடை நிமிர்ந்திருந்தது.

அதற்குப் பிறகு படகின் பெட்டியில் பத்தும் ஏழும் எப்போதும் இருந்தன. ஐந்தைச் சேவியர் திரும்ப வாங்கிக்கொண்டார், பன்னிரண்டாம் எண் யூசுஃபின் கடையில் காகித எடையாக உட்கார்ந்தது. கோடவுன் அடுத்த தெருவுக்குப் போனது. கிருஷ்ணஸ்வாமி பழைய குளியல் தொட்டியில் கத்தரி போட்டார், காய்த்தது, இரண்டு வீட்டுக்கும் கொடுத்தனுப்பினார். அறுபத்தொன்று ஜூலையில் ஊருக்கு மேலே இருந்த அணை உடைந்து ஊருக்குள் வெள்ளம் புகுந்தபோது படகு மழைக்கால வழக்கப்படி கசார்வாடிப் பட்டறையில் கவிழ்ந்து கிடந்ததால் தப்பியது. வெள்ளம் பலரைக் கொண்டுபோன அந்த வருஷம் யாரும் ஆற்றைச் சந்தோஷமாகப் பார்க்கவில்லை. மறு வருஷம் பார்த்தார்கள். ஞாயிறு காலை இருவரும் ஏறி உட்கார்ந்து பக்கப்பலகையில் வரைந்த வெள்ளைக் கோட்டைக் கவனிப்பார்கள். கோடு தெரிந்தால் பத்து, மூழ்கினால் ஏழு. நட்டைக் கழற்றிப் பின்னை மாற்றச் சோம்பலாக இருக்கும் நாட்களில் கயிற்றை அவிழ்க்காமல் உட்கார்ந்து, கோடு மேலே வரும்வரை பேசுவார்கள். துணி துவைக்கும் பெண்கள் அவர்கள் பேச்சு முடிவதற்குள் இரண்டு மூட்டை துவைத்துவிடுவதும் உண்டு.

சேவியருக்கு அதனால் நல்ல பேர் ஏற்பட்டது. 1966 வாக்கில் லோணாவ்ளா ஏரியிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். எந்தப் பங்கா போடலாம் என்று கேட்டால், மோட்டார் எத்தனை குதிரைசக்தி, படகு எத்தனை அடி, வீட்டில் சரி சொல்கிறவர் யார் என்று மூன்று கேள்வி கேட்பார். மூன்றாவதற்குப் பதில் தெரியாதவர்களுக்கு பெரியதும் சிறியதுமாக இரண்டு பங்கா கட்டிக் கொடுத்தார்.