நான்காம் மாடிக் கடல்

ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மதாம் ஷந்தால் பெரினோவின் நான்காம் மாடி வீட்டுக்குள் கடல் வந்தது. சமையலறைப் பக்கமாக வந்து, கூடத்தைக் கணுக்கால் அளவுக்கு நனைத்துவிட்டு மத்தியானம் திரும்பிப் போனது. சாயங்காலம் மறுபடியும் வந்தது. பாரிஸின் பெல்வில் மேட்டில் குழாய் உடைந்திருக்கிறது, சாக்கடை பொங்கியிருக்கிறது, கடல் வந்ததாக யாரும் சொன்னதில்லை. வேறொருத்தியாக இருந்தால் மாடிப்படியில் நின்று கூச்சல் போட்டிருப்பாள். ஷந்தாலால் அது முடியாது. ஏனென்றால் அவள் அப்போது ஊரில் இல்லை.

அதாவது, இல்லை என்று சொல்லியிருந்தாள். பாரிஸில் ஆகஸ்ட் மாதம் வீட்டில் கிடப்பவரைவிடத் திருடனுக்கு மரியாதை அதிகம். ஜூலை பிறந்தாலே, விடுமுறைக்கு எந்தக் கடற்கரை என்று மாடிப்படியில் விசாரணை தொடங்கிவிடும். அவள் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையை வசந்தத்திலேயே மூடிவிட்டார்கள், ஊருக்குப் போகக் காசில்லை. அதை வெளியே சொல்ல வெட்கம். மூன்றாம் மாடி முசியே வெர்தியே கேட்டபோது வாயில் வந்ததைச் சொல்லிவைத்தாள்.

"பிரெத்தாஞ் போறேன், முசியே. கடலுக்கு எதிர்லயே வீடு."

"அடப்பாவமே, அங்க மழை விடாதே, குடைக்குள்ளயே குந்திக்கிட்டு இருக்கப்போறீங்க! நான் பியாரித்ஸ். கூட்டம் தாங்காது, சாப்பாடு கொள்ளை விலை, அலை வேற ஆளைப் புரட்டிப் போட்டுடும்."

சந்தோஷமாகக் கிளம்புகிறார் என்று அர்த்தம். குறை சொல்லாமல் சந்தோஷப்பட அந்த ஊரில் யாருக்கும் தெரியாது.

ஆகஸ்ட் பிறந்ததும் ஜன்னல் பலகைகளைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்தாள். தெரு ரொட்டிக்கடைக்காரனும் கடலுக்குப் போய்விட்டதால், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வேறு பேட்டைக்கு நடந்தாள். எவர் கண்ணில் படுவோமோ என்று பயந்தாலும், ரொட்டியின் நுனியைக் கடிக்காமல் ஒருநாளும் வீடு திரும்பியதில்லை. செப்டம்பரில் எல்லோரும் கையை நீட்டி, கடல் வெயிலில் எவ்வளவு கறுத்திருக்கிறது என்று பார்ப்பார்களே என்று, பலகை இடுக்கில் விழுந்த வெயில் கீற்றில் முழங்கையை மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

கடல் வந்தபோது அவள் கடலுக்குப் பயப்படவில்லை. கீழ்வீட்டுக் கூரைக்குத்தான் பயந்தாள். வெர்தியே திரும்பி வந்து கறையைப் பார்ப்பார். காப்பீட்டுக்காரன் வருவான். பூட்டிய வீட்டில் தண்ணீர் எப்படி என்று கேட்பான். ஒரு பொய் அவிழ்ந்தால் எல்லாம் அவிழும், மாடிப்படி முழுக்கச் சிரிக்கும். துண்டு, போர்வை, குளிர்காலக் கோட்டு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் போட்டுத் துடைத்தாள். தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. சோபாவுக்கு அடியில் மத்தி மீன்கள் திரிந்தன. திரைச்சீலைக் கம்பியில் ஒரு கடற்புறா வந்து உட்கார்ந்து, அதுவும் சிடுசிடுவென்றிருந்தது. அவளுக்குச் சோறும் இல்லை, தூக்கமும் இல்லை.

பொறுக்கமாட்டாமல் ஒரு மத்தியானம் வெறுங்காலோடு கீழே இறங்கி, வெர்தியேயின் கதவில் காதை வைத்தாள். உள்ளே யாரோ ஈரத்துணியை வாளியில் பிழியும் சத்தம். அவள் மெல்லப் படிக்குப் பின்வாங்கினாள். படி கிரீச்சிட்டது, பிழிவது நின்றது.

"யாரது?" என்றது வெர்தியேயின் குரல், கதவைத் திறக்காமலே.

"நான்தான்... பெரினோ."

"நீங்க பிரெத்தாஞ்ல இருக்கீங்க, மதாம்."

"ஆமா முசியே. நீங்க பியாரித்ஸ்ல."

உள்ளே வாளியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"தண்ணி எப்படி இருக்கு?" என்றார் அவர்.

"சில்லுன்னு இருக்கு."

"உப்பு ரொம்ப ஜாஸ்தி. தப்பா நினைக்காதீங்க, உங்க கடல் என் கட்டில் மேல சொட்டுது."

ஷந்தால் கதவில் நெற்றியைச் சாய்த்து அழுதாள். அவ்வளவு நாள் பயமும் அந்த அழுகையில் போயிற்று. மேலே வந்து, துண்டுகளை உலர்த்திவிட்டு, அதற்குப் பிறகு அவள் துடைக்கவே இல்லை. வெர்தியே கட்டிலைச் சுவரோரம் நகர்த்திவிட்டு, சொட்டும் இடத்தில் கடற்கரைக்கு எடுத்துப்போகும் மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

கடல் வருடா வருடம் ஆகஸ்டில் வந்து, மாதக் கடைசியில் போனது. இரண்டாம் மாடிக் கூரையில் கறை படிந்தது, பிறகு முதல் மாடியிலும் படிந்தது. காப்பீட்டுக்கு யாரும் எழுதவில்லை. எழுத வேண்டுமானால் ஆகஸ்டில் வீட்டில் இருந்திருக்க வேண்டும், அந்தக் கட்டடத்தில் அப்படி யாரும் இருந்ததே இல்லை.