ஆறாம் நம்பர் செருப்பு

ஏழு மாதமாகச் சைமா எந்தக் கதவையும் உள்ளிருந்து தாழிட்டதில்லை.

முதல் நான்கு மாதம் ஆஸ்பத்திரிக் கட்டில். சுற்றிலும் பச்சைத் திரை. யார் வேண்டுமானாலும் விலக்கலாம். பிறகு வேலூரில் மூன்று மாதப் பயிற்சி. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குப் பலகை போட்டு நகர்வது, நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை தானே குழாய் வைத்துச் சிறுநீர் எடுப்பது, உணர்ச்சி இல்லாத இடங்களைத் தினமும் கைக்கண்ணாடியில் பார்ப்பது, எல்லாம் கற்றுக்கொண்டாள். அங்கே கதவுகள் அகலம், ஆனால் தாழ்ப்பாள் கிடையாது. யாராவது விழுந்துவிட்டால் தூக்க ஆள் உள்ளே வர வேண்டுமே.

இப்போது உத்திரமேரூரில் சொந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். குளியலறைக்குக் கதவே இல்லை.

கதவைப் பிடுங்கியது கொத்தனார் சேட்டு. கெட்ட எண்ணத்தில் அல்ல. குளியலறை வாசல் இருபத்து நாலு அங்குலம், சைமாவின் நாற்காலி இருபத்தாறு. அதனால் பழைய நிலையோடு கதவையும் எடுத்துவிட்டு அகலமாக வேறு வைக்க வேண்டும். சமையலறையிலிருந்து தோட்டத்துக்கு இறங்கும் இரண்டு படிகளையும் பெயர்த்து, அங்கிருந்து குளியலறைவரை பன்னிரண்டு அடிக்குச் சாய்தளம் போட வேண்டும். வேலூரில் ஒரு தாளில் வரைந்தே கொடுத்திருந்தார்கள்.

அவள் அறிவியல் டீச்சராக இருந்த மானாம்பதிப் பள்ளியில் வேலை இன்னும் காலியாகத்தான் இருந்தது. தலைமையாசிரியை ஜெயம்மாள் நேரில் வந்து, “ஜூன்ல வா. எட்டாங்கிளாஸ கீழ மாத்திடறேன். பாத்ரூமும் பெரிசுதான்” என்றார். கிளம்பும்போது குரலைத் தாழ்த்தி, “உள்ள போறதுக்கு மட்டும் ஆள் வேணுமாம்மா?” என்று கேட்டார். சைமா தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா, இல்லை என்றா? அவளுக்கே தெரியவில்லை. முதலில் வீட்டுக் குளியலறைக்குத் தனியாகப் போய்ப் பார்க்க வேண்டும்.

சேட்டு இரண்டாவது படியைப் பெயர்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. சைமா சமையலறையில் நாற்காலியில் இருந்தாள். எதிரே அவளுடைய அத்தா அப்துல் பாசித் டீ குடித்துக்கொண்டிருந்தார். கடப்பாரை ஓங்கி இறங்கியது. சைமாவின் வலது கால் மிதிபலகையிலிருந்து துள்ளி எழுந்து முக்காலியை உதைத்தது. டம்ளர் உருண்டது. கால் இன்னும் இரண்டு முறை உதறிவிட்டு அடங்கியது.

“சேட்டு, நிறுத்து.”

“இன்னா பாய், டீயா?”

“வேலைய நிறுத்துன்னேன். எம்பொண்ணுக்குக் கால் வந்துடுச்சி.”

“அத்தா, இது தசை இறுக்கம்” என்றாள் சைமா. “தானா உதறும்னு வேலூர்லயே சொன்னாங்க.”

“உசுரு இல்லாதது எப்பிடிம்மா உதறும்?”

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. ஆனால் டம்ளர் உருண்ட நொடியில் அவள் நெஞ்சும் ஒரு துள்ளு துள்ளியிருந்தது.

சேட்டு கடப்பாரையைச் சாய்த்து வைத்தார். “கால் வந்தா நல்லதுதான் பாய். அதுக்காக? சறுக்குமேல நடக்கக் கூடாதுன்னு இன்னா கீது? நான் பாட்டுக்கு முடிச்சிட்டுப் போறேன்.”

“வேணாம். படியே கட்டிக்கலாம், அவ ஏறி எறங்குவா. இப்பப் போயி இத்தக் கட்டினா, குடுக்க வந்தவன்கிட்ட வேணாம்னு சொன்ன மாதிரி ஆயிடும்.”

சேட்டு போய்விட்டார். படியும் இல்லை, சாய்தளமும் இல்லை. ஜல்லிக் குவியல் இருந்தது. குளியலறை வாசலில் பழைய போர்வை தொங்கியது. அத்தாவும் அம்மா அமீனா பீவியும் சைமாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஜல்லியைத் தாண்டித் தூக்கிப் போனார்கள். அம்மா போர்வையைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே முதுகு காட்டி நிற்பாள்.

சேதி பரவியது. பெண்கள் வந்தார்கள், காலைத் தடவினார்கள். அசைக்கச் சொல்லிக் கேட்டபோதெல்லாம் கால் சும்மா கிடந்தது. பக்கத்து வீட்டு ராணியம்மாள் பாத்திரம் தேய்த்த ஈரக் கையோடு வந்து பாதத்தைத் தொட்டதும் விருட்டென்று உதறியது.

“என் கைய கண்டா கூசுது பாரு” என்றாள் ராணியம்மாள். அம்மா சிரித்தாள். ஏழு மாதத்தில் அம்மா சிரித்து அன்றுதான் சைமா பார்த்தாள்.

கல்லூரியில் ஒரு தவளைப் பரிசோதனை உண்டு. ஊசியால் மூளையை அழித்துவிட்டுத் தவளையைத் தாங்கியில் தொங்கவிடுவார்கள். அமிலத்தில் நனைத்த காகிதத் துண்டை அதன் முதுகில் ஒட்டினால், பின்னங்கால் எழுந்து வந்து அதைத் தட்டிவிடும். தண்டுவடம் மட்டும் போதும், மூளை வேண்டியதில்லை. இந்தப் பரிசோதனைக்குச் சைமா பத்துக்கு ஒன்பது வாங்கியவள். தன் கால் அந்தத் தவளையின் கால்தான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் உனக்கு வலித்ததா என்று தவளையிடம் யாரும் கேட்டதில்லை. டாக்டரும் ‘முடியாது’ என்று சொல்லவில்லை, ‘ரொம்பக் கஷ்டம்’ என்றுதான் சொன்னார். எத்தனையோ கஷ்டமான காரியங்கள் நடக்கின்றன.

அவள் தங்கை இர்பானாவைக் கூப்பிட்டாள். கண்ணைத் துப்பட்டாவால் கட்டிக்கொண்டாள். இர்பானா ஒரு ரூபாயைச் சுண்ட வேண்டும். தலை விழுந்தால் கட்டைவிரலைக் கிள்ள வேண்டும், பூ விழுந்தால் சும்மா இருக்க வேண்டும். கிள்ளினாளா இல்லையா என்று சைமா சொல்வாள். மொத்தம் இருபது தடவை.

“பதிமூணு சரி” என்றாள் இர்பானா. “பாஸ்க்கா.”

குருட்டாம்போக்கில் சொன்னாலே பத்து வரும். பதிமூன்று என்றால் என்ன? சைமா மறுபடி செய்யச் சொன்னாள். இந்த முறை ஒன்பது.

“முதல்ல வந்ததையே வச்சிக்கோயேன்” என்றாள் இர்பானா.

“கிள்றப்போ மூச்ச இழுத்துப் பிடிச்சியா? அதக் கேட்டுத்தான் சொன்னேனோ?”

“தெரிலக்கா. பிடிச்சிருப்பேன்.”

பதிமூன்றையும் ஒன்பதையும் சைமா நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினாள். கீழே ‘முடிவு’ என்று எழுதி, அந்த இடத்தைக் காலியாக விட்டாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு அத்தா ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார். பஜாரில் அவருக்கு இருபத்தைந்து வருடமாகச் செருப்புக் கடை. பெட்டியில் பழுப்பு நிறத்தில் கட்டைவிரல் வளையம் வைத்த தோல் செருப்பு. ஆறாம் நம்பர், விபத்துக்கு முன் சைமா போட்ட அளவு.

விபத்தைப் பற்றி அந்த வீட்டில் பேசுவதில்லை. டி.வி.எஸ்.ஸை ஓட்டியவர் அத்தா. சைமாவைப் பள்ளியில் விடப் போய்க்கொண்டிருந்தார். வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று ரோட்டில் கேழ்வரகுக் கதிரைப் பரப்பியிருந்தார்கள், சக்கரம் வழுக்கியது. அத்தாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு. சைமாவின் முதுகு மைல்கல்லில் மோதியது. அன்றிலிருந்து அவர் வண்டியைத் தொடவில்லை. கடைக்கு நடந்தே போய் வந்தார்.

அவர் தரையில் உட்கார்ந்து, கடையில் செய்வது போலவே தன் முழங்கால்மேல் துண்டை விரித்தார். “கால வையி.”

சைமா இரண்டு கையாலும் காலைத் தூக்கி வைத்தாள். அவர் வளையத்துக்குள் விரலை நுழைத்து, வாரை இழுத்து மாட்டினார். பிறகு தினமும் ஐம்பது பேரிடம் கேட்கும் வாய் தானாகக் கேட்டது.

“கடிக்குதா?”

வாசற்படியில் அம்மா நின்றிருந்தாள். ராணியம்மாள் இருந்தாள்.

“இல்லத்தா” என்றாள் சைமா.

அத்தாவின் முகம் மலர்ந்தது. சைமா சொன்னது பொய்யில்லை. கடிக்கிறது என்று சொல்லியிருந்தால்தான் பொய். ஆனால் உண்மை சொன்ன மாதிரியும் இல்லை. அதை யோசித்தபடியே மாலைவரை அந்தச் செருப்போடு உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் எல்லாரும் செருப்பைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொன்ன பிறகு, கட்டிலுக்கு மாறிச் செருப்பைக் கழற்றினாள். தொங்கிய கால் மாலையில் வீங்கும் என்பது அவளுக்குத் தெரிந்ததுதான். எப்படி மறந்தாள்? வழக்கம்போலக் கைக்கண்ணாடியைப் பாதத்துக்கடியில் பிடித்தாள். கட்டைவிரலின் உள்பக்கம் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் உரிந்து சிவப்பாக இருந்தது. வளையத்தில் ரத்தம் காய்ந்திருந்தது.

கண்ணை மூடிக்கொண்டு வலியைத் தேடினாள். வைத்த இடம் மறந்த சாவியைத் தேடுவது போல விரல், பாதம், கணுக்கால், முழங்கால் என்று மேலே மேலே தேடிப் போனாள். இடுப்புக்கு மேலே வந்த பிறகுதான் தான் இருப்பதே தெரிந்தது.

பதிமூன்றும் ஒன்பதும் வேண்டியதில்லை. இது ஐந்து மணி நேரப் பரிசோதனை. யாருடைய மூச்சும் காட்டிக்கொடுக்காமல், யாரும் நாணயம் சுண்டாமல் நடந்திருக்கிறது.

புண்ணைக் கழுவித் துணி கட்டினாள். யாரிடமும் சொல்லவில்லை. இப்படி ஒரு புண்ணுக்கு நான்கு மாதம் குப்புறப் படுத்துக் கிடந்த பெண்ணை வேலூரில் பார்த்திருக்கிறாள். காட்டாமல் இருந்தால் நாளையும் செருப்பு போட்டுவிடுவார்கள், புண் பெரிதாகும், ஜூன் போய்விடும். காட்டினால் அம்மா மறுபடி சிரிக்க மாட்டாள். அத்தா எப்படி ஆவார் என்று யோசிக்கவே முடியவில்லை. மறைக்க நினைப்பது அவர்களுக்காகவா, தனக்காகவா என்பதும் தெளிவாக இல்லை. ஒருவேளை உணர்ச்சி மெதுவாகத்தான் வருமோ? முதலில் அசைவு, அப்புறம் வலி? அப்படியும் யாருக்காவது நடந்திருக்கலாம். அவள் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் அவள் எல்லாப் புத்தகத்தையும் படித்தவள் இல்லையே.

காலையில் கடை திறக்கப் போகுமுன் அத்தா செருப்பை எடுத்துக்கொண்டு வந்தார். “போட்டுக்கம்மா. புதுசு, போடப் போடத்தான் பழகும்.” துண்டை விரித்தார்.

சைமா துணிக்கட்டை அவிழ்த்துவிட்டுக் காலைத் தூக்கி அவர் முழங்கால்மேல் வைத்தாள்.

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். “இது எப்போ?”

“நேத்து.”

“கடிக்கலன்னியே.”

“கடிச்சது எனக்குத் தெரியலத்தா.”

அவர் பாதத்தை உள்ளங்கையில் ஏந்தி வெளிச்சத்துக்குத் திருப்பினார். தோல் சிவப்பதற்கு முன்பே துள்ளும் கால்களைத்தான் இருபத்தைந்து வருடமாக அவர் பார்த்திருக்கிறார். இந்தக் காயம் ஆக எத்தனை நேரம் ஆகும் என்று அவருக்கு அவளைவிட நன்றாகத் தெரியும்.

அந்த நேரம் பார்த்துக் கால் அவர் கையிலேயே உதறியது. ஒரு தடவை, இரண்டு தடவை. அவர் பாதத்தை விடவுமில்லை, சைமாவைப் பார்க்கவுமில்லை. அடங்கும்வரை பிடித்திருந்தார்.

“எட்டாம் நம்பர் எடுத்தாறேன்” என்றார் கடைசியில். “வளையம் இல்லாதது. லூசா கீறதுதான் நல்லது.”

எழுந்து வாசல்வரை போய்விட்டார்.

“அத்தா.”

“இன்னாம்மா?”

சொல்ல வெட்கமாக இருந்தது. இருபத்தாறு வயதில் கேட்கும் பொருளா அது? “எனக்குக் கதவு வேணும்த்தா. உள்ள தாப்பா போட்டுக்கணும்.”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

மதியம் சேட்டு கரணையும் இரண்டு மூட்டை சிமெண்டுமாக வந்து இறங்கினார்.

“உங்க அத்தா தற்காலிகமாக் கட்டச் சொன்னாரு பாப்பா. நாப்பது வருசமா சிமெண்டு கலக்கிக்கினு கீறேன், தற்காலிகத்துக்கு எந்தக் கலவைன்னு எவனும் சொல்லிக் குடுக்கல.”

“அப்ப இன்னா பண்ணப் போறீங்க?”

“இன்னா பண்றது. நல்லாவே போட்டுடறேன். வாணாம்னா உடைக்கத் தெரியாதா எனக்கு?”

சாய்தளத்துக்கு ஏழு நாள் தண்ணீர் விட்டார்கள். முப்பத்திரண்டு அங்குல நிலை, தகரக் கதவு. தாழ்ப்பாளை எங்கே வைப்பது என்று சேட்டு கேட்டபோது, அத்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்த சைமாவைப் பார்த்தார். தன் முழங்கையளவில் கையை வைக்கப் போனவர் யோசித்து, கையை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிக் காட்டினார்.

எட்டாம் நாள் காலை பதினோரு மணிக்குச் சைமா தனியாக இறங்கினாள். சக்கரத்தின் விளிம்பை உள்ளங்கையால் உரசிப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக. குளியலறைக்குள் போய் நாற்காலியைத் திருப்பிக் கதவை இழுத்தாள். தாழ்ப்பாள் புதிது, இரண்டாவது முயற்சியில்தான் விழுந்தது.

அம்மா ஓடி வரும் சத்தம் கேட்டது. “தாப்பா போட்டியா? எதுக்குடி? விழுந்து கிழுந்து வச்சா?”

“விழமாட்டேம்மா.”

“இப்பத்தானே போய்ட்டு வந்தே? உன் டைம் ஒரு மணிக்குதானே?”

அதுவும் சரிதான். இப்போது இங்கே அவளுக்கு எந்த வேலையும் இல்லை. குழாயும் எடுத்து வரவில்லை. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எட்டாம் நம்பர் செருப்புக்குள் வலது கால் ஒரு முறை உதறியது. யாரும் பார்க்கவில்லை. பழக்கத்தில் நெஞ்சு துள்ளப் பார்த்தது, பாதியில் நின்றது. ஏன் துள்ளியது, ஏன் நின்றது என்று இரண்டையும் அவள் யோசித்துப் பார்த்தாள்.

“எவ்ளோ நேரம்டி ஆவும்?” என்றாள் அம்மா, கதவில் வாயை வைத்து.

“தெரியலம்மா” என்றாள் சைமா.