மூன்றாம் தடவை கேட்டால்

இருபத்தெட்டு நாளில் இருபது போய்விட்டன. மிச்சம் எட்டு.

அகதி என்று ஏற்றுக்கொண்ட கடிதம் வந்த நாளிலிருந்து கணக்கு தொடங்குகிறது. இருபத்தெட்டாம் நாள் மதியம் பன்னிரண்டு மணிக்கு ஒருவர் வந்து அறைச் சாவியை வாங்கிக்கொள்வார். அதுவரை அரசு கொடுத்த அறை. அதன் பிறகு இங்கிலாந்தில் மற்ற எல்லோரையும் போல நாமே இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். சாவியைக் கொடுத்துவிட்டு நேராகப் பேருந்து நிலையத்துக்குப் போனவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும். ஒருவர் இப்போதும் அங்கேதான் இருக்கிறார்.

இந்தத் தடவை கணக்கு அபக்கர் மாமாவுடையது. சூடானில் தார்ஃபூர்க்காரர். நாற்பத்தொரு வயது. பதினெட்டு வருடம் லாரி ஓட்டியவர். அவரோடு அறையில் இருக்கும் இட்ரீஸுக்கு இன்னும் முடிவு வரவில்லை. அதனால் அவன் அறையை விட்டுப் போக வேண்டியதில்லை.

"உனக்கு நாடு கெடச்சுது, வீடு போச்சு. எனக்கு வீடு இருக்கு, நாடு இல்ல. மாத்திக்கலாமா?" என்றான் இட்ரீஸ்.

"உன் குறட்டையையும் சேத்துல்ல வாங்கணும்? வேண்டாம்ப்பா."

நான் சமையலறை மேசையில் அவருடைய ஓட்டுநர் உரிம விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். மிடில்ஸ்பரோவில் அகதிகளுக்கு இடம் தேடிக் கொடுக்கும் ஒரு சிறிய அமைப்பில் மொழிபெயர்ப்பது என் வேலை. கார்ட்டூமில் நுண்ணுயிரியல் படித்தேன். அதனால் எல்லோருக்கும் நான் டாக்டரம்மா. இல்லை என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். சொந்தமாகப் பேசுவது எனக்குக் கஷ்டம். மற்றவர் பேச்சைப் பேசுவது சுலபம். அவர்கள் "நான்" என்றால் நானும் "நான்" என்பேன். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. அதுதான் விதி. எனக்கு அது பிடித்திருந்தது.

விண்ணப்பத்தில் உடல்நலம் பற்றிய பகுதிக்கு வந்தேன். முதல் கேள்வியை அரபியில் படித்தேன்: எப்போதாவது நினைவு தப்பி விழுந்ததுண்டா?

"அத விடு," என்றார் அபக்கர் மாமா.

"இதுக்குப் பதில் இல்லாம வாங்க மாட்டாங்க, மாமா."

"அப்புறம் பாத்துக்கலாம். அடுத்தத படி."

கட்டத்தைக் காலியாக விட்டேன். இட்ரீஸ் எழுந்து தேநீருக்குத் தண்ணீர் வைத்தான். 

நான்கு நாளுக்கு முன் அதே சமையலறையில் அவர் விழுந்திருந்தார். ரொட்டி எடுக்கப் போனவர், அலமாரிக் கதவைப் பிடித்தபடி நின்றார், பிறகு தரையில் இருந்தார். இட்ரீஸ் நாற்காலிகளை இழுத்து ஒதுக்கினான். அவன் இழுத்த வேகத்தைப் பார்த்தால் முதல் தடவை மாதிரி இல்லை. நான் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். என் ஸ்வெட்டரை மடித்துத் தலைக்கு அடியில் வைத்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். கை கால் உதறல் நிற்க நூற்றுப் பத்து நொடி.

கண் விழித்ததும் அவர் முதலில் சொன்னது, "வெறும் வயிறு. தல சுத்திடுச்சு."

வெறும் வயிற்றில் தலை சுற்றினால் அப்படி இருக்காது. அதற்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை எழுதினால் இங்கே லாரி உரிமம் கிடைக்காது. எனக்குத் தெரியும்.

"யார்கிட்டயும் சொல்லாத, டாக்டரம்மா."

"சரி, மாமா."

இந்த இருபத்து நாலு வயதுக்குள் நான் கொடுத்த வாக்குகளில் அது ஒன்றுதான் உடனே கனத்தது.

இடம் கிடைப்பது எளிதாக இல்லை. ஒன்பது வீட்டுக்காரர்களிடம் பேசினேன். உள்ளூரில் சொந்த வீடு உள்ள ஒருவர் உத்தரவாதம் தர வேண்டும் என்றார்கள். ஒருவர், "லாரி டிரைவரா? எப்ப வேலைல சேர்றார்?" என்று கேட்டார். பர்மிங்காமில் ஒரு கடைக்காரர், உரிமம் வந்தால் வேலையும் கடைக்கு மேலே ஓர் அறையும் தருவதாகச் சொல்லியிருந்தார். அபக்கர் மாமா அந்த அறையை நம்பிக்கொண்டிருந்தார். நடக்காது என்று அவருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொரு வழி நகராட்சி. தனியாள், திடகாத்திரமானவர் என்றால் அறிவுரையும் ஒரு தொலைபேசிப் பட்டியலும் தருவார்கள். தெருவில் இருந்தால் மற்றவர்களைவிட அதிக ஆபத்து என்று காட்ட முடிந்தால்தான் கூரை தந்தாக வேண்டும். பன்னிரண்டாம் நாள் தொலைபேசியில் விசாரித்தார்கள். உடல்நிலை எப்படி என்று கேட்டார்கள்.

"தமாம்," என்றார் அபக்கர் மாமா. "அல்ஹம்துலில்லாஹ், தமாம்."

"நன்றாக இருக்கிறேன், இறைவனுக்கு நன்றி," என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

பதினெட்டாம் நாள் கடிதம் வந்தது. முன்னுரிமை இல்லை. அமைப்பை நடத்தும் மொரீன் அதை இரண்டு தடவை படித்தார். அவர் முப்பது வருடம் தபால் கொண்டுபோய்க் கொடுத்தவர். எல்லோரையும் கண்ணு என்பார்.

"உடம்புக்கு ஏதாவது இருந்தா சொல்லச் சொல்லு, கண்ணு. மறுபரிசீலனை கேக்கறேன். இருக்கா?"

நான் தரையைப் பார்த்தேன். "அவர்தான் சொல்லணும்."

 மொரீன் தொலைபேசியை எடுத்தார். இருபத்தாறாம் நாள், காலை பத்து மணி, நேரில் வரச் சொன்னார்கள்.

அதற்கு முந்தைய நாள் சமையலறையில் ஒத்திகை பார்த்தோம். நான் அதிகாரி.

"உடம்பு எப்படி இருக்கு?"

"தமாம்."

"மாமா!"

"சரி சரி. திரும்பக் கேளு."

"உடம்பு எப்படி இருக்கு?"

"தமா... வாயில தானா வருது. என்னைய என்ன பண்ணச் சொல்ற?"

இட்ரீஸ் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "செத்தப்புறம் பொதச்ச குழியில வானவங்க வந்து கேட்டாலும் தமாம்னுதான் சொல்லுவாரு," என்றான். "அவங்களும் நல்லா இருக்கான்னு எழுதிட்டுப் போயிருவாங்க."

"நீ வெங்காயத்தப் பாரு."

"நான் வெங்காயத்தப் பாக்குறேன். நீ உன்னப் பாரு. எத்தன தடவ நாற்காலிய இழுக்குறது நான்?"

 அபக்கர் மாமா தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார்.

"இங்க ஒரு ஆபீஸ்ல எழுதினா எல்லா ஆபீஸுக்கும் தெரியும்," என்றார். "எல்லாம் ஒரே கம்ப்யூட்டர். பதினெட்டு வருஷம். பெட்ஃபோர்டு லாரி. இவங்க ஊர்ல செஞ்ச வண்டி. தார்ஃபூர்ல நியாலாவுலேருந்து மணல்ல ரோடே இல்லாத எடத்துல ஓட்டுனேன். எனக்கு வேற என்ன தெரியும்? நீ சொல்லு."

இட்ரீஸ் கத்தியைக் கீழே வைத்தான். 

இருபத்தாறாம் நாள் நாங்கள் பத்து நிமிடம் முன்னதாகப் போனோம். அதிகாரியின் பெயர் ஹெலன். கனிவாகப் பேசினார். எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். திரையைப் பார்த்துக் கேள்விகளைப் படித்தார். பெயர். பிறந்த தேதி. எந்த நாளில் அறையை விட வேண்டும். நாளை மறுநாள். குடும்பம். இல்லை. தெரிந்தவர் வீட்டில் தங்க முடியுமா. முடியாது.

"உடல்நிலை எப்படி?"

நான் அரபியில் கேட்டேன்.

"தமாம்," என்றார் அவர். சொன்ன உடனே கண்ணை மூடிக்கொண்டார்.

"நன்றாக இருக்கிறேன்," என்று நான் சொன்னேன். விதி அதுதான். ஹெலன் தட்டினார். அடுத்த கேள்விக்காகத் திரையை மேலே நகர்த்தினார்.

எங்கள் ஊரில் யாரையாவது பார்த்தால் எப்படி இருக்கிறாய் என்று ஒரு தடவை கேட்டு நிறுத்த மாட்டோம். உடம்பு எப்படி, வீட்டில் எப்படி, நிஜமாக எப்படி என்று கேட்டுக்கொண்டே இருப்போம். முதல் தமாம் மரியாதைக்கு. இரண்டாவதும் மரியாதைக்குத்தான். அப்பா இறந்த செய்தியோடு வந்தவன்கூட முதலில் தமாம் என்பான். மூன்றாம் தடவை கேட்கும்போதுதான் செய்தி வரும். ஒரே தடவை கேட்பவனிடம் துக்கத்தைச் சொல்வது அநாகரிகம்.

இங்கே எல்லோரும் ஒரு தடவைதான் கேட்கிறார்கள்.

"மன்னிக்கணும்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "மன்னிக்கணும். நான் ஒண்ணு சொல்லலாமா? இது அவர் சொல்றது இல்ல. நான் சொல்றது."

ஹெலன் திரும்பினார். "சொல்லுங்க."

"எங்க பேச்சுல இந்தக் கேள்விய மூணு தடவ கேக்கணும். அப்பதான் அது கேள்வி. ஒரு தடவ கேட்டா அது வணக்கம் மாதிரி. போன தடவ போன்லயும் நான் இதச் சொல்லல. என் தப்பு. திரும்பக் கேக்க அனுமதி வேணும்."

என் காது சூடாகிவிட்டது. ஹெலன் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பதில நீங்க எடுத்துக் குடுக்கக் கூடாது."

"குடுக்க மாட்டேன். கேள்வி மட்டும்தான்."

"சரி. கேளுங்க."

நான் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"உடம்பு எப்படி இருக்கு, மாமா?"

"தமாம்," என்றார். ஆனால் மெதுவாக. நான் என்ன செய்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. முறைத்தார். "நீ ரொம்பப் பொல்லாதவ, டாக்டரம்மா."

"என்ன சொல்றார்?" என்று ஹெலன் கேட்டார்.

"நன்றாக இருக்கிறேன். நீ ரொம்பப் பொல்லாதவள்," என்று மொழிபெயர்த்தேன். அதுவும் விதிதான். ஹெலன் சிரிக்காமல் இருக்க முயன்றார்.

மூன்றாம் தடவை கேட்பதற்கு முன் நான் காத்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு சாமான் லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. அதன் எச்சரிக்கை ஒலி விட்டுவிட்டுக் கேட்டது. அபக்கர் மாமா அது முழுதாக உள்ளே வந்து நிற்கும்வரை பார்த்தார். ஓட்டுநர் கொஞ்சம் வளைத்து நிறுத்தியிருந்தான். அவர் உச்சுக்கொட்டினார்.

"உடம்பு நிஜமா எப்படி இருக்கு, மாமா?"

தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. ஹெலனைப் பார்த்தே அரபியில் பேசினார்.

"எனக்கு வலிப்பு வருது. லிபியாவுல தலையில அடிச்சாங்க, அதுலேருந்து. ரெண்டு வருஷம் ஆச்சு. மாசத்துக்கு மூணு நாலு தடவ விழுறேன். எப்ப வரும்னு தெரியாது. ரோட்டுல வந்தா யார் நாற்காலிய நகத்துவாங்க?"

நான் சொல்லி முடித்தேன். ஹெலனின் கை தட்டச்சுப் பலகைமேல் அப்படியே இருந்தது.

"இன்னும் முடியல," என்றார் அபக்கர் மாமா. "லைசென்ஸ் ஃபாரத்துல விட்ட அந்தக் காலிக் கட்டம். அதையும் சொல்லு. நீ வழக்கமா சொல்ற மாதிரி, நான் நான்னு சொல்லு."

அவர் சொன்னார். நான் அதையே ஆங்கிலத்தில், கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்:

"என்னால் இனிமேல் லாரி ஓட்ட முடியாது."