கோணக்கொம்பனுக்குச் சிவப்புப் பொட்டு

என் கொழுந்தன் கஸ்பரின் தொப்பியில் தேவதாருக் கொப்பைப் பார்த்ததுமே எனக்கு வயிறு எரிந்தது. மான் விழுந்தால்தான் அதைச் செருகுவோம்.

"எந்த மான்?" என்றேன்.

"கோணக்கொம்பன், அண்ணி. ஒரே குண்டு. வேட்டை வாழ்த்துச் சொல்ல மாட்டீங்களா?"

சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

அந்தக் கோணக்கொம்பன் என்னுடையது. கோடை முழுக்க என் வேட்டைப் பரணுக்குக் கீழேதான் மேய்ந்தது. வலக்கொம்பு மூன்று கிளையோடு நிமிர்ந்து நிற்கும். இடக்கொம்போ மெழுகு உருகினாற்போல் வளைந்து கண்ணை மறைத்துத் தொங்கும். எங்கள் டிரோல் பள்ளத்தாக்கில் அப்படியொன்றை யாரும் பார்த்ததில்லை. எத்தனையோ தடவை குறி வைத்தேன். ஆனால் அதன் வலப் பின்காலில் ஒரு தழும்பு, கம்பிவேலியில் கிழித்துக்கொண்டது. பின்காலில் அடிபட்டால் எதிர்ப்பக்கத்துக் கொம்பு கோணும். கொம்பு வருஷா வருஷம் உதிர்ந்து புதிதாக முளைப்பது; காயம் ஆறிவிட்டால் அடுத்த வருஷம் முளைப்பது நேராக முளைக்கும். நோஞ்சானையும் கிழத்தையும் சுட்டுக் கழி, நல்ல இளம் கடா மானை விடு என்பதுதான் எங்கள் முறை. விட்டேன்.

"கால்ல தழும்பு இருந்துச்சே, பாக்கலையா நீ?"

"கொம்பைத்தான் பாத்தேன். காலையா அண்ணி சுவத்துல மாட்டப்போறோம்?"

எனக்கு ஒரே ஒரு ஆறுதல்தான். பனிக்காலம் முடிகிறபோது அந்த வருஷக் கொம்புகளையெல்லாம் தாடை எலும்போடு ஊர் விடுதிக் கூடத்தில் மாட்டுவோம். வேட்டைத் தலைவர் ஆல்பின் பல்லைப் பார்த்து வயதைச் சொல்வார். சுட வேண்டியதைச் சுட்டிருந்தால் மான் மண்டையோட்டின் நெற்றியில் பச்சைப் பொட்டு, விட வேண்டியதைச் சுட்டிருந்தால் சிவப்பு. சிவப்பு வாங்கியவனுக்கு அடுத்த வருஷம் கடா மான் கிடையாது. அந்தச் சிவப்பை நினைத்துக்கொண்டேதான் பனிக்காலத்தை ஓட்டினேன்.

நினைத்தபடியே நடந்தது. ஆல்பின் கோணக்கொம்பனின் தாடைப் பல்லைத் தடவிப் பார்த்தார். "ரெண்டு வயசுதான். இன்னும் அஞ்சாறு வருஷம் நிக்க வேண்டிய கடாப்பா இது," என்று சொல்லிச் சிவப்பை ஒட்டினார். நான் சுட்டிருந்த கிழட்டு மானுக்குப் பச்சை.

கஸ்பர் தலை குனிவான் என்று பார்த்தேன். எங்கே குனிந்தான்? பள்ளத்தாக்கே அவன் சுவர்ப்பக்கம் நின்றது. கோணக்கொம்பைத் தொட்டுப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், அவனுக்கு ஷ்னாப்ஸ் சாராயம் வாங்கிக் கொடுத்தார்கள். என் கணவர்கூட அங்கேதான் நின்றார். என் பச்சைப் பொட்டுக்கு முன்னால் விடுதி நாய் படுத்திருந்தது.

"அண்ணி, இங்க வாங்க," என்று கூப்பிட்டான் கஸ்பர். "கோடை பூரா ஒங்க காலடியிலதான மேஞ்சுச்சு. ஏன் விட்டீங்க?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முறை, தழும்பு, எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. இந்தக் கூட்டத்தில் யாருக்கு வேண்டும் அது?

"பொட்டுக்குப் பயந்துட்டேன்," என்றேன். சிரித்துவிட்டு மறுபடி கொம்பின் பக்கம் திரும்பினார்கள்.

ஆல்பின் மட்டும் என்னிடம் வந்தார். "நீ செஞ்சதுதான் சரி, வால்புர்கா. அடுத்த வருஷம் அவன் பங்குக் கடாவும் ஒனக்குத்தான்."

"அதுக்குக் கொம்பு நேராத்தானே இருக்கும்," என்றேன்.