பழைய லேபிளுக்கு அடியில்

குறைந்தபட்ச விலைச் சட்டம் அமலுக்கு வந்த திங்கட்கிழமை காலை, மதுக்கடையில் ஒரு பாட்டிலின் பழைய விலை லேபிளைச் சுரண்டியபோது, அதன் அடியில் 'தையல்காரரின் இடது கண்' என்று அச்சாகியிருந்தது. நல்ல கறுப்பு மை, எழுத்துப் பிழை கிடையாது.

சுரண்டியவள் அங்கே பதினோரு வருடமாக லேபிள் ஒட்டுபவள், எல்லோருக்கும் லேபிள்காரம்மா. விலை மாறும்போதெல்லாம் பழையதன் மேலேயே புதியதை ஒட்டிவிடுவதுதான் கடை வழக்கம். உட்கார்ந்து சுரண்ட யாருக்கு நேரம்? புதுச் சட்டமோ எந்தச் சரக்கும் அதன் வீரியத்துக்கேற்ற விலைக்குக் கீழே போகக் கூடாது, பழைய விலை கண்ணிலேயே படக் கூடாது என்றது. சுரண்டச் சுரண்ட வந்துகொண்டே இருந்தது: தபால்காரரின் வேலை, வாத்தியாரின் கல்லீரல். மதியம் தையல்காரரின் பாட்டிலைத் தொட்டியில் ஊற்றிப் பார்த்தாள். மறுநாள் அது மூடி திறக்காமல் அதே இடத்தில் நின்றது. புது விலையை மறுபக்கத்தில் ஒட்டி, படித்தால் பயந்து ஓடிவிடுவார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். கட்டட ஒப்பந்தக்காரர் வந்தார், 'ஒரே மகனின் பேச்சு' என்பதை வாய்விட்டுப் படித்தார், "சிகரெட் அட்டையிலகூடத்தான் என்னென்னமோ எழுதியிருக்கு" என்று சிரித்தபடி புது விலையைக் கொடுத்து வாங்கிப்போனார். அந்த வாரத்திலிருந்து மகன் அவரோடு பேசவில்லை, இப்போது எட்டு வருடமாகிறது.

புதன்கிழமை நீல மூடியின் முறை. கடையிலேயே மலிவான சரக்கு, அவள் கணவர் வாரம் ஆறு வாங்குவது. அடியில் 'பெயின்டர், வீட்டு மாடிப்படி, பதினாறாவது படி, வெள்ளிக்கிழமை' என்றிருந்தது. அவள் கணவர்தான் பெயின்டர். பெட்டி மேல் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பாட்டிலைப் பின்வரிசையில் ஒளித்துவைத்தாள்; திரும்பிப் பார்ப்பதற்குள் முன்வரிசைக்கு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வந்தார், விரலிடுக்கில் வெள்ளைச் சுண்ணாம்போடு. நீல மூடியைக் கையில் கொடுத்து, "ஏங்க, இதப் படிங்க," என்றாள். உதடு அசைய, ஒரு வார்த்தை விடாமல் படித்தார்.

"நம்ம வீட்டுப் படிதான். பதினாறாவது கொஞ்சம் ஆடும், நானே சிமெண்டு வைக்கணும்னு இருந்தேன். சரி, பை குடு."

பதினெட்டு வருடம் கூட இருந்த மனிதர் தன் சாவைப் படித்துவிட்டுப் பை கேட்கிறார். அப்போதுதான் அவர் பாட்டிலைத் திருப்பி மறுபக்கம் பார்த்தார். முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

"என்னடி இது? நீல மூடியா இந்த விலை? பகல் கொள்ளையால்ல இருக்கு! மனுஷன் குடிக்கிறதா வேண்டாமா?"

அதை அலமாரியில் திரும்ப வைத்தார். அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது, அழுகையும் வந்தது. அன்று இருவரும் சேர்ந்தே பதினாறு படியும் ஏறினார்கள்.

அவர் குடியை விட்டுவிடவில்லை. மாதத்துக்கு ஒரு கால் பாட்டில் வாங்குகிறார், அதன் அடியில் 'தலைவலி' என்று மட்டும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் கடைக்கு வந்து, நீல மூடி விலை இறங்கிவிட்டதா என்று கேட்கிறார். இல்லை என்கிறாள். சட்டம் போட்டவர்களை வாய்க்கு வந்தபடி திட்டுகிறார். அவர் திட்டி முடிக்கும்வரை அவள் அந்தப் பாட்டிலைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள், பிறகு விளக்கை அணைத்து அவரோடு வீட்டுக்குப் போகிறாள்.